தொண்டர் படை எப்போது வீடு திரும்பும்?
சிகிரியா ஓடுபாதையிலிருந்து ஆளணிக் குறைப்பு வரை ஒரு விளக்கம்

2023 ஜனவரியில் அப்போதைய பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் பிரமித்த பண்டார தென்னகோன் ஒரு அறிவிப்பை வெளியிட்டார். 200,783 ஆக இருக்கும் இராணுவத்தின் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி 2024இல் 135,000 ஆகவும் 2030இல் 100,000 ஆகவும் குறைக்கப்படும் என்பதே அது. அதைச் சொன்னவர் மாத்தளை மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். வடக்கு கிழக்கில் அந்தச் செய்தியைப் படித்த பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எங்கள் ஊரில் உள்ள முகாம் போகுமா?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதற்கு முன் இன்னொரு கேள்வியைக் கேட்க வேண்டும். குறைக்கப்படுவது எந்தப் படை? இலங்கையின் முப்படைகளிலும் சட்டப்படி இரண்டு விதமானவர்கள் இருக்கிறார்கள். ஒரு சாரார் படைத்தொழிலையே முழுநேர வாழ்க்கையாக ஏற்றுக்கொண்ட நிரந்தரப் படையினர். மற்றவர்கள் தேவை வரும்போது அழைக்கப்பட்டு, தேவை முடிந்ததும் திருப்பி அனுப்பப்பட வேண்டிய தொண்டர் படையினரும் ஒதுக்குப் படையினரும். சீருடை, முகாம், துப்பாக்கி எல்லாம் இரு சாராருக்கும் ஒன்றுதான். வீதித் தடையில் அடையாள அட்டையை நீட்டுபவருக்கு எதிரே நிற்பவர் எந்த வகை என்பது தெரியப்போவதில்லை. ஆனால் படைக் குறைப்பு, முகாம் அகற்றல், காணி விடுவிப்பு, பொறுப்புக்கூறல் ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த வேறுபாடு முக்கியமானது.

விமானப்படையை எடுத்துக்கொண்டால் இந்த விடயம் இன்னும் தெளிவாகப் புரியும். அதற்கு மாத்தளை மாவட்டத்திலேயே ஒரு நல்ல தொடக்கப் புள்ளி இருக்கிறது.

சிகிரியாவின் ஓடுபாதை

சிகிரியா என்றதும் குன்றும் ஓவியங்களுமே நினைவுக்கு வரும். அதன் அருகில் ஒரு விமானப்படை முகாமும் ஓடுபாதையும் இருக்கின்றன. இன்று உல்லாசப் பயணிகளை ஏற்றிவரும் சிறிய விமானங்களும் அங்கே இறங்குகின்றன. அந்த ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. பிரித்தானிய விமானப்படையின் 160ஆவது பிரிவு 1943இலிருந்து 1944 வரை அங்கே நிலைகொண்டிருந்தது. நான்கு இயந்திரங்கள் கொண்ட லிபரேட்டர் விமானங்கள் அங்கிருந்து வங்காள விரிகுடாவைக் கடந்து, யப்பானியர் வசமிருந்த சுமாத்திரா வரை பறந்து படம் பிடித்துத் திரும்பின.

அந்த விமானங்களில் பறந்தவர்கள் யார்? போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படையில் சேர்ந்த விமானிகளும் விமானக் குழுவினரும் பெரும்பாலும் 1936இல் உருவாக்கப்பட்ட தொண்டர் ஒதுக்குப் படையின் வழியாகவே வந்தார்கள். நேற்றுவரை எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் இருந்தவர்கள் இவர்கள். நிரந்தரப் படை அதிகாரியும் தொண்டர் ஒதுக்குப் படை அதிகாரியும் ஒரே விமானத்தில் ஒரே ஆபத்துக்குள் பறந்தார்கள். தொடக்கத்தில் ஒதுக்குப் படையினர் தங்கள் சீருடையில் தனிச் சின்னம் அணிந்திருந்தனர். அது பிரிவினையை வளர்க்கிறது என்று கருதப்பட்டதால் போர்க்காலத்திலேயே கைவிடப்பட்டது.

போர் முடிந்ததும் அவர்களில் பெரும்பாலானோர் வீடு திரும்பினார்கள். ஒதுக்குப் படை என்பதன் முழுப் பொருளும் அதில் அடங்கியிருக்கிறது: வந்தார்கள், இணைந்தார்கள், முடிந்ததும் போனார்கள்.

சட்டம் சொல்வது

1949ஆம் ஆண்டின் விமானப்படைச் சட்டத்தின் கீழ் 1951 மார்ச் 2ஆம் திகதி அரச இலங்கை விமானப்படை உருவானது. அதன் முதல் தளபதியே ஒரு பிரித்தானிய அதிகாரிதான். சட்டத்தின் அமைப்பும் பிரித்தானிய வார்ப்பில் இருந்தது. நிரந்தர விமானப்படை, அதற்குரிய ஒதுக்குப் படை, தொண்டர் விமானப்படை, அதற்குரிய ஒதுக்குப் படை என்று சட்டம் பிரித்துச் சொல்கிறது.

எளிமையாகச் சொன்னால், ஒதுக்குப் படையினர் ஏற்கெனவே சேவை செய்து விலகியவர்கள்; மீண்டும் அழைக்கப்படக்கூடியவர்கள். தொண்டர் படையினர் வேறு தொழில் செய்துகொண்டே பயிற்சி பெறுபவர்கள்; நெருக்கடி நேரத்தில் சேவைக்கு அழைக்கப்படுபவர்கள். அழைக்கப்பட்ட பின் அவர்களும் நிரந்தரப் படையினரைப் போலவே படைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்.

தமிழில் 'தொண்டர்' என்ற சொல் ஊதியமில்லாமல் பொதுப்பணி செய்பவரைக் குறிக்கும். இங்கே பொருள் அதுவல்ல. தொண்டர் படையினருக்குச் சம்பளம் உண்டு, பதவிநிலை உண்டு. விமானப்படையின் ஆட்சேர்ப்பு விளம்பரங்களில் நிரந்தரப் படைக்கும் தொண்டர் படைக்கும் சேர்த்தே விண்ணப்பம் கோரப்படுவதைப் பார்க்கலாம். விண்ணப்பிக்கும் இளைஞருக்கு இரண்டுமே அரசாங்க உத்தியோகம்தான்.

ஒரு விமானப் பிரிவில் இணைப்பு என்றால் என்ன?

காலாட்படையில் ஒருவரைச் சில மாதங்களில் பயிற்றி வரிசையில் நிறுத்திவிடலாம். விமானப் பிரிவில் அது முடியாது. ஒரு ஹெலிகொப்டர் வானில் ஏறுவதற்கு விமானிகள் மட்டும் போதாது. இயந்திரம், உடற்பகுதி, மின்னணுக் கருவிகள், ஆயுதங்கள் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொழில்நுட்பவியலாளர்கள் வேண்டும். எரிபொருள், தீயணைப்பு, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு, தளப் பாதுகாப்பு என்று பட்டியல் நீளும். பழுதுபார்த்தவர் கையொப்பமிட்ட பின்னரே விமானம் பறக்கலாம். அந்தக் கையொப்பம் இட்டவர் தொண்டரா நிரந்தரமா என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. அவருடைய தகுதி ஒரே அளவில் இருந்தாக வேண்டும்.

விமானிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தொடர்ந்து பறக்காதவரின் கை மறந்துவிடும். இரவுப் பறப்பு, மோசமான காலநிலை, அவசரத் தரையிறக்கம் ஆகியவற்றை உரிய இடைவெளிகளில் மீண்டும் செய்துகாட்டியே அவர் தன் தகுதியைத் தக்கவைக்க முடியும். ஆகவே ஒதுக்கு விமானிக்குப் பெயர்ப் பதிவு மட்டும் போதாது. பறப்பதற்கு மணிநேரங்களும் விமானமும் வேண்டும்.

இதைப் பிற நாடுகள் வெவ்வேறு விதமாகக் கையாண்டன. பிரித்தானியா 1924இல் துணை விமானப்படைக்கான சட்டத்தை இயற்றியது. வார இறுதிகளில் பறக்கப் பழகியவர்களின் பிரிவுகள் அவை. ஒவ்வொரு பிரிவிலும் பயிற்சிக்கும் நிர்வாகத்துக்குமென நிரந்தரப் படையினர் சிலர் வைக்கப்பட்டார்கள். 1940இல் ஜேர்மனிய விமானங்களை எதிர்கொண்ட சண்டை விமானப் பிரிவுகளில் 14 இந்தத் துணைப் படையினுடையவை. ஜெட் விமானங்களின் காலம் வந்து பயிற்சியும் செலவும் பெருகியபோது, 1957இல் அதன் பறக்கும் பிரிவுகள் கலைக்கப்பட்டன.

அமெரிக்கா 1968இல் வேறொரு வழியைத் தொடங்கியது. கலிபோர்னியாவின் நோர்ட்டன் தளத்தில் விமானங்கள் நிரந்தரப் படையிடம் இருந்தன. ஒதுக்குப் படையின் விமானிகளும் பொறியியலாளர்களும் அதே விமானங்களைப் பகிர்ந்து இயக்கினார்கள். ஒரே விமானம், இரண்டு குழு. இதில் எழுந்த பெரிய கேள்வி கட்டளை பற்றியது. அன்றாடப் பணியை ஒருவர் வழிநடத்துவார். ஒழுக்காற்று, சம்பளம், பதவியுயர்வு ஆகியவை இன்னொருவர் கையில் இருக்கும். யார் எதற்குப் பொறுப்பு என்பதை எழுத்தில் வரையறுத்தால்தான் அந்த ஏற்பாடு நிற்கும்.

நமக்கு அருகிலும் உதாரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் இந்தியக் கரையோரத்தைக் கண்காணிக்கத் தொண்டர் ஒதுக்குப் படையினரைக் கொண்டு சிறிய விமானப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. அவற்றில் ஒன்று மதராசில் இயங்கியது. சுதந்திரத்தின் பின் இந்தியா 1952இல் ஒதுக்கு மற்றும் துணை விமானப்படைகளுக்கென்று தனிச் சட்டமே இயற்றியது.

இந்த உதாரணங்களிலிருந்து கிடைக்கும் அளவுகோல் மூன்று. இருசாராருக்கும் ஒரே பயிற்சித் தரம் இருக்க வேண்டும். யார் யாருக்குக் கட்டளையிட்டார் என்பது பதிவில் இருக்க வேண்டும். தேவை முடிந்ததும் ஒதுக்குப் படை திரும்பிச் செல்லும் வழி திறந்திருக்க வேண்டும். இலங்கையில் பிழைத்தது குறிப்பாக மூன்றாவது.

இலங்கையில் நடந்தது

1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தபோது விமானப்படை சிறியது. களஞ்சியப்படுத்தப்பட்டிருந்த ஜெட் புரவோஸ்ட் விமானங்கள் சில நாட்களுக்குள் சீனக்குடாவில் தயார்செய்யப்பட்டுத் தாக்குதலுக்கு அனுப்பப்பட்டன. இயந்திரத்தை நாட்கணக்கில் மீட்டெடுக்கலாம். அதை ஓட்டத் தெரிந்தவர் ஏற்கெனவே இருந்தால் மட்டுமே அதற்குப் பயன். பின்னர் பணத்தட்டுப்பாடு வந்தபோது ஹெலிகொப்டர் பிரிவு 'ஹெலிடுவர்ஸ்' என்ற பெயரில் உல்லாசப் பயணிகளை ஏற்றிப் பறந்தது. சம்பாத்தியத்தோடு விமானிகளுக்குப் பறக்கும் மணிநேரமும் கிடைத்தது.

1983க்குப் பின் எல்லாம் மாறியது. 1987 அளவில் விமானப்படையின் பலம், சேவையிலிருந்த ஒதுக்குப் படையினரையும் சேர்த்து, ஏறத்தாழ 3,700 ஆக இருந்தது. நிரந்தரப் படையினரோடு ஒதுக்குப் படையினரையும் சேர்த்தே கணக்கிடும் வழக்கத்தை இங்கே கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு வடமராட்சி நடவடிக்கையில் பயணிகள் போக்குவரத்துக்கான அவ்ரோ விமானங்களிலிருந்து பீப்பாய்க் குண்டுகள் போடப்பட்டன. பங்கருக்குள் இருந்தவர்கள் 'ஹெலி', 'பொம்மர்', 'சகடை' என்று சத்தத்தை வைத்தே இனம் பிரித்தார்கள். மேலே இருப்பவர் யார் என்று அறிய எந்த வழியும் இல்லை.

அந்தக் காலத்தில் மேலே இருந்தவர்கள் எல்லோரும் இலங்கையரும் அல்லர். பயிற்றப்பட்ட ஒதுக்கு விமானிகள் போதாதிருந்த இடத்தை அரசு பணம் கொடுத்து நிரப்பியது. முன்னாள் பிரித்தானிய விசேட படையினர் நடத்திய கே.எம்.எஸ். என்ற தனியார் நிறுவனம் விசேட அதிரடிப் படைக்குப் பயிற்சியளித்ததோடு, அதன் விமானிகள் ஹெலிகொப்டர்களையும் ஓட்டினார்கள். இந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் போர்க்குற்றங்களில் ஈடுபட்டனரா என்பது பற்றி லண்டன் மாநகரப் பொலிஸார் 2020இல் விசாரணை தொடங்கினர். ஒதுக்குப் படை வீரருக்குப் படைச் சட்டம் பொருந்தும். கூலிக்கு வந்தவர் எந்தக் கட்டளைச் சங்கிலியில் நின்றார்? முப்பது வருடங்களுக்கு மேல் கழிந்தும் அந்தக் கேள்வி உயிரோடு இருப்பதற்கு இதுவே காரணம்.

1990களில் படை மேலும் விரிந்தது. மாத்தளையின் எல்லைக்கு அப்பால், பொலநறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடயில், 1995இல் தாக்குதல் ஹெலிகொப்டர்களுக்கென 9ஆவது பிரிவு உருவாக்கப்பட்டது. ஹிங்குராக்கொடயும் சிகிரியாவைப் போலவே பிரித்தானியர் விட்டுச்சென்ற தளம். விமானிகள் சிலர்தான், அவர்களைச் சுற்றித் தளத்தைக் காக்கவும் பராமரிக்கவும் தேவைப்பட்டவர்கள் பலர். படை பெருத்தது அதிகமும் இந்தத் தரைப் பணிகளில்தான்.

இராணுவத்திலும் இதே கதை. 1881இல் தோட்டத்துரைகளும் நகரத்து உத்தியோகத்தர்களும் பகுதிநேரமாகச் சேர்ந்த தொண்டர் படையின் வழிவந்த பிரிவுகள், ஈழப்போர்க் காலத்தில் முழுநேரக் காலாட் படையணிகளாகின. முன்னரங்கில் பிடித்த நிலத்தைப் பின்னால் நின்று காப்பது அவற்றின் பணியாயிற்று. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. 2011 ஆகஸ்டில் அவசரகாலச் சட்டமும் நீக்கப்பட்டது. அந்தப் படையணிகள் வீடு திரும்பவில்லை.

இன்னொரு பழக்கமும் இதோடு சேர்ந்தது. பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின் கீழ், பொது ஒழுங்கைப் பேண முப்படையினரை அழைக்கும் கட்டளையை சனாதிபதி வெளியிடலாம். அதன் ஆயுள் ஒரு மாதம். 2011க்குப் பின் சில ஆண்டுகளும், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னரும், அந்த வர்த்தமானி மாதாமாதம் புதுப்பிக்கப்பட்டது. யாழ்ப்பாணமும் மாத்தளையும் உட்பட எல்லா மாவட்டங்களும் அதில் இருந்தன. தொண்டர் படையைச் சேவைக்கு அழைப்பது வேறு சட்டம், இது வேறு சட்டம். ஆனால் இரண்டிலும் நடந்தது ஒன்றே: தற்காலிகம் என்று எழுதப்பட்டது புதுப்பித்துப் புதுப்பித்து நிரந்தரமானது.

வடக்கில் இதன் பொருள்

2012 நவம்பரில் கிளிநொச்சியில் 100க்கும் மேற்பட்ட தமிழ் இளம்பெண்கள் இராணுவத்தில் சேர்க்கப்பட்டார்கள். அலுவலக வேலை என்று சொல்லப்பட்டதாகக் குடும்பங்கள் அப்போதே கூறின. போரில் எல்லாவற்றையும் இழந்த வீடுகளில் மாதச் சம்பளம் என்பது மறுக்க முடியாத வார்த்தை. சிவில் பாதுகாப்புத் திணைக்களமும் வன்னியில் அப்படித்தான் வேரூன்றியது. ஊர்காவல் படையிலிருந்து 2006இல் உருவான அந்தத் திணைக்களம், போருக்குப் பின் பண்ணைகளையும் முன்பள்ளிகளையும் நடத்தி, முன்பள்ளி ஆசிரியைகளுக்குப் படைச் சம்பளம் கொடுத்தது. பாதுகாப்பு அமைச்சின் சம்பளப் பட்டியல் நீண்டது. அதிலிருந்து விலகினால் என்ன செய்வது என்ற பயமும் நீண்டது.

அதே பயம் மாத்தளையின் வறண்ட வலயக் கிராமங்களிலும் இருக்கிறது. நெல்லும் வெங்காயமும் ஏமாற்றும் இடங்களில் படைச் சம்பளம்தான் பல சிங்களக் குடும்பங்களுக்கு நிச்சயமான வருமானம். படைக்குறைப்பு ஏன் மெதுவாக நடக்கிறது என்பதற்கு 'தேசிய பாதுகாப்பு' மட்டும் விடையல்ல. வீட்டுக்கு அனுப்புவதென்றால் அந்த வீட்டில் வேறு தொழில் இருக்க வேண்டும். தொண்டர் படை என்ற ஏற்பாடே, திரும்பிப் போக ஒரு தொழில் உள்ளவரை மனதில் வைத்து உருவானது. தொழில் இல்லாதவரை அதில் சேர்த்தபோதே திரும்பும் வழி அடைபட்டுவிட்டது.

திரும்பாத படைக்கு நிலம் வேண்டும். முல்லைத்தீவு மாவட்டத்தில் குறைந்தது 60,000 படையினர் இருப்பதாக அடையாளம் கொள்கை ஆய்வு மையமும் பேர்ள் அமைப்பும் 2017இல் மதிப்பிட்டன. பொதுமக்கள் இருவருக்கு ஒரு படையினர் என்ற கணக்கு அது. அதே ஆண்டு ஜனவரி 31ஆம் திகதி கேப்பாப்பிலவின் பிலவுக்குடியிருப்பு மக்கள் தங்கள் காணியில் இருந்த விமானப்படை முகாமுக்கு முன்னால் அமர்ந்தார்கள். 84 குடும்பங்கள், பெண்களும் குழந்தைகளுமாக, வெயிலிலும் பனியிலும் ஒரு மாதம் இருந்தார்கள். மார்ச் 1ஆம் திகதி அந்தக் காணி விடுவிக்கப்பட்டது. அவர்கள் வாசலில் அமர்ந்திருந்த நாட்களில் முகாமுக்குள் இருந்தவர்களில் எத்தனை பேர் சட்டப்படி எப்போதோ வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

பதிவேடு யாரிடம்?

கட்டளைப் பதிவு ஏன் முக்கியம் என்பதற்கு மாத்தளை நகரமே சாட்சி. 2012இன் இறுதியில் மாத்தளை வைத்தியசாலை வளவில் நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. அவை 1980களின் பிற்பகுதிக்குரியவை என்று முதலில் ஆய்வு செய்த தொல்லியலாளர் சொன்னார். பின்னர் வந்த சனாதிபதி ஆணைக்குழு அதை மறுத்து, மிகப் பழையவை என்றது. 1989இல் மாத்தளை மாவட்டத்தின் இராணுவ இணைப்பதிகாரியாக இருந்தவர் கோத்தாபய ராஜபக்ச. அந்த நாட்களில் எந்தப் படையணி எந்த முகாமில், யாருடைய கட்டளையின் கீழ் இருந்தது என்ற முழுப் பதிவு இன்றுவரை காணாமல்போனோரின் குடும்பங்கள் முன் வைக்கப்படவில்லை. அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை சிங்களக் குடும்பங்கள். பதிவேடு மூடியிருந்தால் வலி இரு மொழியிலும் ஒன்றுதான்.

நிரந்தரம், தொண்டர், ஒதுக்கு என்று பலரும் கலந்து பணிபுரியும் இடத்தில் பொறுப்பைத் தட்டிக்கழிப்பது எளிது. 'அவர் எங்கள் ஆள் அல்ல, இணைக்கப்பட்டிருந்தவர்' என்று ஒரு பிரிவு சொல்லும். 'அவர் அந்தப் பிரிவின் கட்டளையில் இருந்தார்' என்று மற்றது சொல்லும். விமானப் பிரிவில் பறப்புப் பதிவு, பராமரிப்புப் பதிவு, ஆயுதம் ஏற்றிய பதிவு என மூன்றும் ஒவ்வொரு பறப்புக்கும் எழுதப்படுபவை. அவை பாதுகாக்கப்பட்டால் இந்தத் தட்டிக்கழிப்புக்கு இடமில்லை.

நாம் கேட்கக்கூடியவை

2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இலங்கைப் பிரசை எவரும் தமிழில் விண்ணப்பிக்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவை அறிவிக்க வேண்டும். தேசிய பாதுகாப்பு என்ற காரணத்தால் மறுப்பதற்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் தகவல் கொடுக்கப்பட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. மறுப்புக் கிடைத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பின்னர் ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

எந்த முகாமில் எத்தனை துப்பாக்கி என்று கேட்டால் கதவு மூடப்படும். கேட்க வேண்டியவை வேறு: 2009க்குப் பின் எத்தனை தொண்டர் படையணிகள் கலைக்கப்பட்டன? ஒவ்வொரு படையிலும் தொண்டர்களின் விகிதம் என்ன? அவர்களைச் சேவைக்கு அழைத்த கட்டளை எந்தத் திகதிக்குரியது, அது எப்போது முடிகிறது? அறிவிக்கப்பட்ட ஆளணிக் குறைப்பு ஓய்வுபெறுவோரின் இடங்களை நிரப்பாமல் விடுவதா, படையணிகளைக் கலைப்பதா? கலைக்கப்படும் படையணி இருந்த காணி யாருடையது? இவை எதுவும் போர் இரகசியம் அல்ல. வரி செலுத்துபவருக்கும் காணி உரித்தாளருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை.

ஆளணி என்ற ஒற்றை எண் மட்டும் நமக்கு எதையும் சொல்லாது. நிரந்தரப் படையில் இடைவிலகியவர்களையும் தப்பிச் சென்றவர்களையும் கழித்தே 135,000 என்று காட்டிவிடலாம். ஒரு முகாமும் அசையாமல், ஒரு காணியும் விடுபடாமல் அந்தக் கணக்கு சரியாகிவிடும். ஒரு தொண்டர் படையணி உண்மையாகக் கலைக்கப்பட்டால் மட்டுமே ஒரு வாசல் திறக்கும், ஒரு வேலி பின்வாங்கும். அடுத்த முறை படைக்குறைப்புப் பற்றிய அறிவிப்பு வரும்போது, எத்தனை பேர் என்பதோடு யார் யார் என்பதையும் சேர்த்துக் கேட்போம்.